ஓரமாப் போகச் சொல்கிறீர்கள்... ஓரம் எங்கே இருக்கிறது?

தார் முடிகிற இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரிலிருந்து எந்தப் பக்கம் போகிற சாலையானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம் தார். அப்புறம் மண். அந்த மண் தாரோடு சமமாக இருப்பதில்லை. தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது; ஓரத்து மண் மழையில் கரைந்து இறங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே மூன்று விரல், நான்கு விரல் பள்ளம். சைக்கிளின் முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டால் லேசில் மேலே ஏறாது. ஏற்றப் பார்த்து ஹேண்டில்பாரைத் திருப்பினால் டயர் தார் விளிம்பில் உரசி வழுக்கும். ஆள் விழுவது மண் பக்கம் அல்ல, லாரி வருகிற பக்கம்.

அந்த ஒரு முழத் தாரிலும் பாதி சைக்கிள்காரருக்கு இல்லை. லோடு இறக்கும் டாடா ஏஸ், இளநீர் வண்டி, கரும்புச் சக்கைக் குவியல், நிழலுக்காகக் கடைக்காரர் இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் கயிறு என ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போக அவர் கோட்டைத் தாண்டிச் சாலைக்குள் வந்தாக வேண்டும். வருகிற நொடியில் முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன். கூடவே ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "ஓரமா போய்யா!"

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டரை விழுங்கிவிடும். பையை கேரியரில் மாட்டிக்கொண்டு போகும் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதே நொடியில் நாலு மீட்டர் போயிருந்தால் அதிகம். டிரைவர் பிள்ளையைப் பார்த்து, மூளை காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு நொடி போய்விடும். இத்தனைக்கும் அவர் செல்போனைப் பார்க்காத நல்ல டிரைவர் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சைக்கிள் விபத்து என்றால் நம் பேச்சு இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. ஒன்று, "லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வந்தான்." இல்லாவிட்டால், "பையன் பார்க்காம குறுக்கே போயிட்டான்." சாலையின் மேல் யாரும் பழி போடுவதில்லை. உலகத்தில் சைக்கிள் பத்திரமாக ஓடுகிற நாடுகளுக்கும் நமக்கும் இருக்கிற வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் முதலில் சாலையைச் சந்தேகப்படுகிறார்கள்.

சைக்கிள் உண்டு, பாதை இல்லை

'இப்போ யார் சார் சைக்கிள்ல போறா?' என்று கேட்பவர்கள் காலை ஏழு மணிக்கு வில்லியனூர்ச் சாலையில் நின்று பார்க்கலாம். கேரியரில் புல்லுக்கட்டு ஏற்றிய பெரியவர், பால் கேனைத் தொங்கவிட்டுச் சொசைட்டிக்குப் போகிறவர், தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் மாற ஓடுகிற வடமாநிலத் தொழிலாளி, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். இவர்களில் யாரும் ஆசைக்கு சைக்கிள் ஓட்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வேலைக்குப் பயணம் எப்படி என்ற கேள்விக்குச் சுமார் 13 சதவிகிதம் பேர் சைக்கிள் என்று சொன்னார்கள். காரில் போனவர்களைவிட அது பல மடங்கு.

அரசாங்கங்களுக்கும் இது தெரியும். தமிழ்நாட்டில் 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005 வாக்கில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரித்தார்கள். புதுச்சேரியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியது உலகம் திரும்பிப் பார்த்த சங்கதி. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அந்தப் பழக்கத்தை இயக்கமாகவே ஆக்கினார். தண்ணீர்க் குடமும் குழந்தையும் கேரியரில் ஏறின. புருஷனையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்றானது.

இத்தனை செய்த அரசுகள் ஒரே ஒன்றை மட்டும் செய்யவில்லை. கொடுத்த சைக்கிள் எந்தச் சாலையில் ஓடும் என்று யோசிக்கவில்லை. விளைவு, கிராமத்து வீடுகளில் அந்த சைக்கிள் கொட்டகைக்குள் சாய்ந்து நிற்கிறது. "மெயின் ரோட்டுல அனுப்ப பயமா இருக்கு, பஸ்லயே போகட்டும்" என்கிறார்கள் பெற்றவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.  

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் சைக்கிள்காரர்கள் 4,800 பேருக்குக் கொஞ்சம் கூட. மூன்று சதவிகிதம்தானே என்று தோன்றலாம். பயந்து சைக்கிளை விட்டவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

1962-லேயே எழுதியாச்சு

சைக்கிள் பாதை என்றாலே 'அது ஐரோப்பாவுக்குச் சரி, நமக்குக் கட்டுப்படியாகாது' என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்புதான் நம் நாட்டுச் சாலைகளின் அளவுகளுக்கெல்லாம் இலக்கணம் வகுப்பது. சைக்கிள் பாதைக்கென்றே அது தனி நூல் போட்ட வருடம் 1962. ஐ.ஆர்.சி. 11 என்று பெயர். நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு 400 சைக்கிளுக்கு மேல் போகிற சாலையில், மோட்டார் வண்டிகள் மணிக்கு 100 முதல் 200 வரை இருந்தாலே சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும்; மோட்டார் வண்டி 200-ஐத் தாண்டினால் 100 சைக்கிள் இருந்தாலும் போதும், தனிப் பாதை போட்டுவிட வேண்டும் என்றது அது. பாதையின் அகலம் குறைந்தது இரண்டு மீட்டர். நேரு பிரதமராக இருந்த காலத்தில், சாலையில் அம்பாசடரையும் ஃபியட்டையும் எண்ணிவிடக்கூடிய நாளில் எழுதியது இது. 2015-ல் அந்த நூலைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

அப்படியானால் ஏன் போடவில்லை? விதியிலேயே ஓட்டை இருக்கிறது. எண்ணினால்தானே நூறா, நானூறா என்று தெரியும்? நம் பொறியாளர்கள் சாலையில் வண்டிகளை எண்ணுவது சாலையை எவ்வளவு அகலப்படுத்தலாம் என்று பார்க்க. அந்தக் கணக்கில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கார் ஒன்று. சைக்கிள் அரை. மாட்டு வண்டி எட்டு. மாட்டு வண்டிக்கு எட்டு மதிப்பெண் என்றதும் பெருமைப்பட வேண்டாம். அது காருக்கு எவ்வளவு இடைஞ்சல் கொடுக்கிறது என்பதன் அளவு அது. ஆக, அந்தத் தாளில் சைக்கிள் என்பது காரின் வேகத்தைக் கெடுக்கும் அரை இடைஞ்சல். அதன்மேல் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை.

டச்சுக்காரர்கள் பிறவியிலேயே அப்படியா?

நெதர்லாந்து என்றதும் ராஜா முதல் ரொட்டிக் கடைக்காரர் வரை சைக்கிளில் போகும் நாடு என்று படித்திருப்போம். ஜனத்தொகை 1.8 கோடியை ஒட்டி. சைக்கிள்களோ அதைவிடக் கூட. ஆனால் அந்த நாடும் நம் வழியில் சில காலம் போய்ப் பார்த்த நாடுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கையில் காசு புரண்டதும் கார்கள் பெருகின, சைக்கிள்காரர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1971-ல் மட்டும் அங்கே சாலையில் செத்தவர்கள் 3,200-க்கு மேல். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். அப்போது அந்த நாட்டு ஜனத்தொகை 1.3 கோடிதான்.

ஃபிக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அந்தச் சாலைகளுக்குப் பலியானாள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற தலைப்பில் அவர் தம் பத்திரிகையில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் தந்தைமார்களும் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். குழந்தைகள் நடுரோட்டில் விளையாடினார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். தாங்கள் எதை இழந்தோம் என்பது அன்று அவர்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் டில்பர்க், டென் ஹாக் நகரங்களில் சோதனைப் பாதைகள் வந்தன. இன்று தனி சைக்கிள் பாதைகள் மட்டும் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம் நம் ஊர்ப் பஞ்சாயத்து மேஸ்திரிக்கும் புரியக்கூடியது. வேகமும் எடையும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிற இரண்டு வண்டிகளை ஒரே தாரில் விடாதே. விட்டாக வேண்டுமென்றால் பெரியதன் வேகத்தை 30-க்குக் குறை. வீட்டுத் தெருவில் 30. அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை தேவையே இல்லை. கார்தான் சைக்கிளின் பின்னால் பொறுமையாக வர வேண்டும். ஊருக்குள் 50 என்றால் தனிப் பாதை. ஊருக்கு வெளியே 80 என்றால் சைக்கிள் பாதை சாலையோடு ஒட்டிக்கூட இருக்காது. நடுவே புல்லும் மரமும் வைத்துப் பிரித்திருப்பார்கள். தனிப் பாதை போட இடமில்லாத கிராமச் சாலையில் வேகத்தை 60 ஆக்கி, நடுவில் வண்டிக்கு ஒரே ஒரு தடம், இரு ஓரமும் சைக்கிளுக்கு என்று சாயம் அடித்துவிடுவார்கள்.

இங்கே நம் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகத்தின்படி, நடுவில் தடுப்பு வைத்த நான்குவழிச் சாலையில் கார் 100-ல் போகலாம். நகராட்சி எல்லைக்குள்ளேயே 70 வரை போகலாம். மாநிலங்கள் இதைக் குறைத்துக்கொள்ளலாம், குறைத்துப் பலகையும் வைக்கிறார்கள். ஆனால் அகலமாக, நேராக, வழவழவென்று போட்ட சாலையில் 40 என்று பலகை வைத்தால் யார் மதிப்பார்கள்? டச்சுக்காரர்கள் பலகையை நம்புவதில்லை. தெருவைக் குறுக்கி, வளைத்து, செங்கல் பாவி, திருப்பத்தில் மேடு வைத்து, வேகமாக ஓட்டினால் தன் வண்டியே தூக்கிப்போடும் என்று செய்துவிடுகிறார்கள்.

ஹௌட்டன் என்று ஓர் ஊர். உட்ரெக்ட் நகரத்துக்குப் பக்கத்தில் சின்ன கிராமமாக இருந்தது. பக்கத்து நகரம் வீங்கியபோது இந்தக் கிராமத்தையும் பெரிதாக்க முடிவுசெய்தார்கள். புதுச்சேரி வீங்கி வில்லியனூர் பெருத்த கதைதான். ஆனால் அவர்கள் ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை போட்டு, ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குக் காரில் போக வேண்டுமானால் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வா என்றார்கள். சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் நடுவூர் வழியாக நேர் பாதை. பள்ளி, கடை, ரயில் நிலையம் எல்லாம் அதன்மேல். சுற்றுவது யார், குறுக்கே போவது யார் என்பதை மட்டும் அவர்கள் மாற்றிப் போட்டார்கள். வில்லியனூரில் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கிற பெட்டிக்கடைக்குப் போகச் சுற்றிக்கொண்டு வருவது சைக்கிள்காரர்.

விவரமான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: நெதர்லாந்தில் 2022-ல் சாலையில் இறந்தவர்களில் சுமார் 290 பேர் சைக்கிள்காரர்கள், ஜனத்தொகைக்கு வகுத்துப் பார்த்தால் இந்தியாவைவிட அதிகமாயிற்றே? உண்மைதான். ஆனால் அங்கே குழந்தை முதல் கிழவர் வரை ஓட்டுகிறார்கள். ஓர் ஆள் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி மிதிக்கிறார். இறந்தவர்களில் மிகப் பலர் எழுபது எண்பதைத் தாண்டியவர்கள். பேட்டரி சைக்கிளில் விழுந்தவர்களும் அதில் உண்டு. எண்பது வயதில் சைக்கிள் ஓட்டி விழுகிற பாக்கியம் நம் ஊரில் எத்தனை பேருக்கு உண்டு என்பதையும் அந்த வாசகர் யோசிக்கட்டும். அங்கே பெரும்பாலோர் ஹெல்மெட் போடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-ல் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்த கையோடு சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. தலைக்கவசம் நல்லதுதான். ஆனால் டிப்பரின் பின்சக்கரத்துக்குத் தெர்மகோல் எம்மாத்திரம்?

வெறும் பெயிண்ட் பாதை

பாதை போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதை டென்மார்க்கில் கற்றுக்கொண்டார்கள். கோபன்ஹேகனில் சைக்கிள் பாதை போட்ட தெருக்களை ஆராய்ந்தபோது, நேர்ச்சாலையில் விபத்து குறைந்திருந்தது, நாற்சந்திகளில் கூடியிருந்தது. காரணம் எளிது. தனிப் பாதையில் வருகிற சைக்கிள், திரும்புகிற காரின் கண்ணில் கடைசி நொடியில்தான் படுகிறது. இதற்குத் தீர்வாக, சந்திப்பில் சைக்கிள் பாதையை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளி, தரையையும் உயர்த்திவிடுகிற முறை உண்டு. திரும்பும் கார் மேட்டில் ஏறி, நேருக்கு நேர் சைக்கிளைப் பார்த்து, நின்றுதான் போக முடியும். விபத்துக்கு இடம் கொடுப்பது முனைதான். காசை அங்கேதான் கொட்ட வேண்டும்.

நம் நாட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டபோது சைக்கிளுக்கும் தடம் வைத்தார்கள். நல்ல முயற்சி. மோட்டார் பைக்குகள் அதில் புகுந்தன; கார்க்காரர்கள் மொத்தத் திட்டத்தையும் திட்டினார்கள்; 2016-ல் இடித்தே விட்டார்கள். மற்ற நகரங்களில் பச்சைப் பெயிண்ட் அடித்து சைக்கிள் படம் வரைந்தால் மறுநாள் அதன்மேல் கார் நிற்கிறது. பெயிண்ட் யாரையும் தடுக்காது. ஒரு அடி உயரச் சிமென்ட் கட்டை தடுக்கும்.

ஜப்பானில் வேறு வழி. அங்கே 1970 வாக்கில் சாலைச் சாவு உச்சத்துக்குப் போனதும் சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிட்டார்கள். முன்கூடையில் காய்கறியும் பின்னால் குழந்தையுமாக அம்மாக்கள் மெதுவாக நடைபாதையில் போவது அந்த ஊர் வழக்கம். நடப்பவர்களோடு உரசல் அதிகம் என்பதால் இப்போது சட்டத்தை இறுக்குகிறார்கள். நமக்கு அந்த வழி ஒத்துவராது; ஏறுவதற்கு நடைபாதை வேண்டுமே.

யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் விட்டால் குறை. பெட்ரோல் தடையும் போரும் இருந்த ஆண்டுகளில் அந்தக் குடாநாட்டை ஓட்டியது சைக்கிள்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள். சேலை கட்டிய ஆசிரியைகள் தினமும் மிதித்தார்கள். அங்கே எந்தப் பொறியாளரும் பாதை போட்டுத் தரவில்லை. வேலிகளுக்கு நடுவே குறுகலான ஒழுங்கைகளும், வேகமான வண்டிகள் இல்லாமையும்தான் காப்பாக இருந்தன. வேகம் இல்லாவிட்டால் பாதையே தேவையில்லை என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் காட்டிய ஊர் அது. 2022-ல் இலங்கையில் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்றபோது நாடு முழுக்க ஜனங்கள் மறுபடி சைக்கிளைத்தான் தேடினார்கள்.

பிரான்ஸ் சொந்தக்காரர்களைக் கேளுங்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நெதர்லாந்து போய்ப் பார்க்கத் தேவையில்லை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் பாரிஸில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாத வீடு உண்டா? 2020-ல் கொரோனா வந்தபோது, பாரிஸ் நகராட்சி ரிவோலி தெரு போன்ற முக்கியத் தெருக்களிலேயே கார்களை ஒதுக்கி சைக்கிளுக்கு இடம் விட்டது. 2021 ஆகஸ்டில் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் வேகம் 30 ஆயிற்று. சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். நம் சாலையில் பஸ்ஸின் பக்கவாட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு முழம் விட்டாலே டிரைவருக்குப் பெரிய மனசு.

புதுச்சேரிக்குள்ளும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டி கிடையாது. வாடகை சைக்கிள் எடுத்து அங்கே சுற்றும் சுற்றுலாப் பயணிக்கு அவ்வளவு பாதுகாப்பு. அதே புதுச்சேரியின் குடிமகன், வில்லியனூரில் ரேஷன் மூட்டையை கேரியரில் வைத்து வீட்டுக்குப் போகும்போது அவனுக்கு வாய்ப்பது அந்த ஒரு முழத் தார்.

ராங் சைடு ஏன் வருகிறார்கள்?

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை விழுப்புரத்தில் கிளம்பி, எம்.என்.குப்பம் வழியாகக் கடலூரை நோக்கித் திரும்புகிறது. ஊர்களுக்குள் நுழைந்து திணறிய லாரிகளுக்கு இது விமோசனம்தான்; மறுக்கவில்லை. ஆனால் நான்குவழிச் சாலை வந்ததும் ஒரு கிராமத்தில் என்ன நடக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். நடுவில் தடுப்பு எழும்புகிறது. நேற்றுவரை முப்பது அடியில் கடந்து போன வயலுக்கு இன்று அடுத்த திறப்பு வரை போய்ச் சுற்றி வர வேண்டும். காருக்கு இது ஒரு நிமிடம். காலால் மிதிப்பவருக்கு, அதுவும் உச்சி வெயிலில், கால் மணி நேரம். அவர் என்ன செய்வார்? எதிர்த்திசையில், ஓரமாக, வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வருவார். அல்லது தடுப்பின் மேல் சைக்கிளைத் தூக்கிப்போட்டுத் தாண்டுவார். அடிபட்டால் 'ராங் சைடில் வந்தார்' என்று எழுதி வழக்கை முடிப்பார்கள். சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் அதையாவது இரண்டு திசைக்கும் சைக்கிளுக்குத் திறந்துவிட்டு, விட்டுப்போன இடங்களை இணைத்தால் இந்தத் 'தப்பு' பாதியாகும். அரும்பார்த்தபுரத்தில் ரயில் பாதைமேல் ஏறும் பாலத்தைப் போன்ற மேம்பாலங்களில் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுகிறார். ஏறும் வண்டிகளுக்கு நடுவே அவருக்குத் தனியாக ஓர் அடி இடம் இல்லை.

யாரிடம் போய்ச் சொல்வது என்பது இன்னொரு சிக்கல். நெடுஞ்சாலை மத்திய அரசின் ஆணையத்திடம். மற்ற பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையிடம். தெருக்கள் கொம்யூன் பஞ்சாயத்திடம். எல்லையோ அதைவிட வேடிக்கை: வில்லியனூரைத் தாண்டினால் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதற்கப்புறம் மதகடிப்பட்டும் திருபுவனையும் மறுபடி புதுச்சேரி. ஒரே சாலையில் ஒரு மணி நேரம் மிதிப்பதற்குள் இரண்டு போலீஸ், இரண்டு நிர்வாகம். கொம்யூனில் மனு கொடுக்கலாம் என்றால் அங்கே நாம் ஓட்டுப் போட்ட ஆள் யாரும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அப்புறம் 38 வருடம் கழித்து 2006-ல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகு நடக்கவேயில்லை. தெரு முனையில் ஒரு மேடு போட வேண்டும் என்று கேட்கக்கூட வார்டு உறுப்பினர் இல்லாத ஊர், ஹௌட்டனைப் போல் தன்னைத் தானே எப்படித் திட்டமிட்டுக்கொள்ளும்?

சட்டம் மட்டும் கொஞ்சம் கைகொடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் நிர்ணயித்த தரத்தை மீறியதால் ஆள் செத்தாலோ ஊனமானாலோ பொறுப்பான அதிகாரிக்கும் காண்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். தாருக்கும் மண்ணுக்கும் இடையே நாலு விரல் பள்ளத்தை விட்டுவைத்தவரைக் கேள்வி கேட்க இது ஒரு பிடி. இன்னொன்று, கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்து நீதிமன்றப் படி ஏறிய டாக்டர் என்றுதான் அவரை நினைத்துக்கொள்கிறேன். அந்த வழக்கில் 2025 அக்டோபரில் நீதிமன்றம், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. புதுச்சேரியும் அதில் அடக்கம்.

ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும்

வில்லியனூர், பாகூர் பக்கம் சைக்கிளுக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. மேடு பள்ளம் இல்லாத சமவெளி. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பத்து கிலோமீட்டர்தான். மீதி வேலையைப் பழைய காலத்து நீர்க் கட்டமைப்பு செய்யலாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் கரை இருக்கிறது. ஏரிக்கரை இருக்கிறது. சங்கராபரணி ஆற்றங்கரை இருக்கிறது. இந்தக் கரைகளை இரண்டு மீட்டர் அகலத்துக்கு இறுக்கி, கிராவல் போட்டு, வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் சின்னப் பாலம் வைத்தால், மெயின் ரோட்டைத் தொடாமலே பல ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடலாம். டச்சுக்காரர்களின் எத்தனையோ சைக்கிள் பாதைகள் கால்வாய்க் கரைமேல்தான் ஓடுகின்றன. சாயங்காலம் இருட்டினால் பெண் பிள்ளைகள் போவார்களா என்று கேட்பது நியாயம். அதனால் விளக்கு இல்லாத கரையைப் பள்ளி நேரப் பாதையாக மட்டும் நினைத்து, மெயின் ரோட்டு ஓரத்தையும் கைவிடாமல் இருக்க வேண்டும்.

மெயின் ரோட்டில் செய்ய வேண்டியதற்கும் கோடிகள் தேவையில்லை. தார் ஓரத்து மண்ணைச் சாலைக்குச் சமமாக நிரப்பி இறுக்குவது, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை மீட்டராவது தார் விடுவது, பள்ளி வாசலில் சாலைக் குறுக்கே அகலமான மேடை போலக் கடவுப் பாதை போடுவது, கோயில் வீதிகளிலும் மாதா கோயில் பக்கமும் முப்பதுக்கு மேல் ஓட்ட முடியாதபடி தெருவை அமைப்பது. திருக்காமீஸ்வரர் கோயில் தேர் ஓடுகிற நாளில் வீதியிலிருந்து வண்டிகளை நிறுத்திவைக்க நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. கவர்னரே வடம் பிடிக்க வருகிற அந்த நாளில் எந்த லாரிக்காரரும் ஹாரன் அடிப்பதில்லை. வருடம் ஒரு நாள் முடிந்தது, பள்ளி நாட்களில் காலையும் மாலையும் அரை மணி நேரம் முடியாதா?

அடுத்த முறை உங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்த டேப்பும் குச்சியுமாக ஆட்கள் வந்து நின்றால், போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் ஏழு முதல் ஒன்பது வரை இந்த வழியாக எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணினீர்களா? எண்ணவில்லை என்றால் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நீங்களே எண்ணுங்கள். எண்ணிக்கையை எழுதி, தேதி போட்டு, ஐ.ஆர்.சி. 11-ஐ மேற்கோள் காட்டிப் பொதுப்பணித் துறைக்கு மனுவாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.